புறநானூறு 1894 பதிப்பின் மறு அச்சு: வாங்கலாமா?

உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பின் மறு அச்சைச் சென்ற மாதம் 600 ரூபாய்க்கு வாங்கினேன். ஏடு சிதைந்த இடங்களைத் தம் ஊகத்தால் நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டிருக்கும் அவருடைய நேர்மையை இதில் கண்ணாரக் காணலாம். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை, பழைய உரையும் 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. புராணங்களையும் பக்தி நூல்களையுமே தமிழின் பெருஞ்செல்வமாகக் கருதிவந்த ஒரு தலைமுறைக்கு, பாரியும் அதியமானும் புலவர்களோடு பழகிய உலகம் இந்த ஏடுகளிலிருந்து எழுந்து வந்தபோதுதான் பழந்தமிழர் வரலாற்றை எழுதச் சான்றுகள் கைக்கு எட்டின, வி. கனகசபை 1904இல் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்று நூல் இத்தகைய பாடல்களின் மேல்தான் நிற்கிறது. 192ஆம் பாடலின் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' மேடைதோறும் ஒலிக்கிறது. 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்னும் அதன் கடைசி அடியைச் சொல்வோர்தாம் குறைவு.

குறையெல்லாம் அச்சிட்டவர்கள் மீதே. அடிக்குறிப்பிலுள்ள பாடபேதங்கள் (ஏட்டுக்கு ஏடு வேறுபடும் சொற்கள்) பூதக்கண்ணாடி கேட்கும் அளவுக்கு மங்கலாக உள்ளன. நடுப்பக்கத் தையல் இரண்டே வாரத்தில் விட்டுப்போயிற்று. கெட்டி அட்டைப் பிரதி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். புதிதாகப் படிப்பவர்கள் தெளிவுரைப் பதிப்பொன்றையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.