பேட்டரி வேண்டுமா, வேண்டாமா? மூன்று வகை சோலார், ஓர் ஒப்பீடு

வீட்டுக்குச் சோலார் போடலாம் என்று விசாரிக்க ஆரம்பித்ததும் மூன்று பெயர்கள் காதில் விழும்: ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைப்ரிட். மாடியில் ஏறும் பேனல் மூன்றுக்கும் ஒன்றுதான். இன்வெர்ட்டர் எந்த ரகம், பேட்டரி உண்டா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். நான் போட்டிருப்பது ஆன்-கிரிட். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

ஆன்-கிரிட்டில் பேட்டரி கிடையாது. பேனல் தரும் டிசி மின்சாரத்தை இன்வெர்ட்டர் ஏசியாக மாற்றி நேராக வீட்டு லைனில் சேர்த்துவிடும். வீட்டுச் செலவு போக மிச்சம் வெளி லைனுக்குப் போகும். ராத்திரிக்குத் தேவையானது அங்கிருந்து வரும். போனதையும் வந்ததையும் மீட்டர் கணக்கு வைக்கும். ஆஃப்-கிரிட்டுக்கு வெளி லைனே வேண்டாம். பகலில் பேட்டரியை நிரப்பி இரவில் அதிலிருந்து எடுக்க வேண்டியதுதான். ஹைப்ரிட்டில் லைனும் உண்டு, பேட்டரியும் உண்டு.

ஆன்-கிரிட்டின் பெரிய குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயிலில் பேனல் கொதித்துக்கொண்டிருக்கும், இன்வெர்ட்டர் திரையில் உற்பத்தி பூஜ்யம் காட்டும். இது கோளாறு இல்லை. லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கரன்ட் திரும்பியதும் இன்வெர்ட்டர் வோல்டேஜையும் பிரீக்வென்சியையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சீராக இருந்தால் தானே மறுபடி சேர்ந்துகொள்ளும். நாம் எதையும் தொட வேண்டாம்.

இந்தக் குறை தெரிந்தும் நான் ஆன்-கிரிட் பக்கம் நிற்பதற்கு ஒரே காரணம் பேட்டரி. விலையைச் சொல்லவில்லை, அதன் பிறகு வரும் பராமரிப்பைச் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றில் அடங்குவது 1.8 யூனிட். அதை அடியோடு காலி செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும். பாதியோடு நிறுத்துவதுதான் நல்லது. ஆகக் கையில் கிடைப்பது 0.9 யூனிட். பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கு 6 யூனிட் தேவை என்றால் ஏழு பேட்டரி வேண்டும். 48 வோல்ட் அமைப்பில் நான்கு நான்காகத்தான் கோக்க முடியும் என்பதால் அது எட்டாகிவிடும். இது ஒரே ஓர் இரவுக்கு. மறுநாள் மழை மூட்டம் என்றால் அதற்கும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும்.

வாங்கி வைத்த பிறகும் விட முடியாது. லெட்-ஆசிட்டில் ஒரு வகையான டியூபுலர் பேட்டரியின் மேல் இருக்கும் மிதவைகள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் உப்பைத் துடைத்து வாசலின் தடவ வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில்தான் வைக்கலாம். சூடு வேறு ஆகாது; 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தினமும் ஏற்றி இறக்கினால் நான்கைந்து வருடம் ஓடும். பேனலுக்கோ 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். அந்த 25 வருடத்துக்குள் எத்தனை முறை மொத்த பேட்டரியையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஆன்-கிரிட்டில் இடையில் ஒருமுறை இன்வெர்ட்டரை மாற்ற நேரலாம்; மற்றபடி பேனலில் படியும் தூசியைக் கழுவும் வேலை மட்டும்தான்.

ஆஃப்-கிரிட்டில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மதியத்துக்குள் பேட்டரி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் பேனல் தரக்கூடியதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வெயில் குறைந்த மாதத்துக்கும் தாங்கும்படி அதிகப் பேனல் போட்டிருப்பார்கள். வெயில் நிறைந்த மாதத்தில் அதில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். ஆனால் கம்பமே வராத தோட்டம், மலை வீடு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஆஃப்-கிரிட்தான் வழி.

ஹைப்ரிட்டை நான் ஒதுக்கவில்லை. தினமும் மணிக்கணக்கில் கரன்ட் போகும் இடத்திலும், படுக்கையில் இருப்பவருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டிய வீட்டிலும் அதைத்தான் சொல்வேன். இப்போது அதற்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போடுகிறார்கள். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, எண்பது தொண்ணூறு சதவீதம் வரை இறக்கலாம், சில ஆயிரம் முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். காகிதத்தில் பார்த்தால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகிறது. ஆனால் அதை வருடக்கணக்கில் வைத்து ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு என்ன மதிப்புத் தருகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். யூனிட்டுக்கு யூனிட் கழித்தால் ஆன்-கிரிட்டை அடிக்க ஆளில்லை. வாங்கும் விலையைவிடக் குறைத்துத்தான் தருவார்கள் என்றால் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பகலில் ஆளே இல்லாத வீடு என்றால் ஹைப்ரிட்டின் கணக்கு மேலே வரும்.

ஆன்-கிரிட், ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில் தயங்குபவர்கள் ஹைப்ரிட் இன்வெர்ட்டரை மட்டும் இப்போது வாங்கி, பேட்டரியைப் பிறகு சேர்க்கலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் பேட்டரி இல்லாமலும் அந்த மாடல் ஓடுமா, 48 வோல்ட் பேட்டரி கேட்கிறதா அல்லது உயர் வோல்டேஜ் பேட்டரியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வயரிங் செய்யும்போதே, கரன்ட் போனால் பேட்டரியில் ஓட வேண்டிய லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தனி லைன் இழுத்து வையுங்கள். பின்னால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.