ஜெர்மனியில் போஸ்ட்டாக்: ப்ராஜெக்ட் வேலையா, ஹும்போல்ட்டா, மேரி கியூரியா?

பி.எச்டி முடிக்கும் தறுவாயில், போஸ்ட்டாக் (பி.எச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) செய்ய ஜெர்மனிப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு இந்த மூன்று வழிகள்தான் அதிகம் கண்ணில் படும். மூன்றுமே நல்லவைதான். எதை முதலில் முயல்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வேகமாகக் கிடைக்கக்கூடியது ப்ராஜெக்ட் வேலை. பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்கான பணம் ஏற்கெனவே இருக்கும், அதில் ஆள் எடுப்பார். சம்பளம் பெரும்பாலும் டி.வி-எல் இ13 என்ற அரசு ஊதிய அட்டவணைப்படி. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். கையில் வரும் தொகை குறைகிறதே என்று தோன்றும். ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பெரிய விஷயம். குறை என்னவென்றால், ஆராய்ச்சித் தலைப்பு அவருடையது. பின்னாளில் பேராசிரியர் வேலைக்குப் போகும்போது "உங்கள் சொந்த யோசனை எது?" என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்.

ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை தரும் ஃபெல்லோஷிப்பில் தலைப்பு உங்களுடையது. பி.எச்டி பட்டம் வாங்கி 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். 6 முதல் 24 மாதம் வரை தருவார்கள். ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழி வகுப்புக்கும் பணம் தருகிறார்கள், துணைக்கும் சேர்த்து. ஆனால் இது சம்பளம் இல்லை, உதவித்தொகை. ஓய்வூதியக் கணக்கிலோ வேலையின்மைக் காப்பீட்டிலோ எதுவும் சேராது. முடிவு தெரியவும் பல மாதங்கள் ஆகும்.

ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பில் சொந்தத் தலைப்பும் உண்டு, முறையான பணி ஒப்பந்தமும் உண்டு. அதனால்தான் கூட்டம். 2024-இல் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேர் தேர்வானார்கள். 2025-இல் விண்ணப்பங்கள் 17,058. இதை மட்டும் நம்பி ஓராண்டை ஒதுக்குவது ஆபத்து.

இதில் ஒரு விதியைக் கவனியுங்கள். மேரி கியூரிக்கு, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் போகவிருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ப்ராஜெக்ட் வேலைக்கு ஜெர்மனி போய் இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டால், ஜெர்மனிக்கான அந்தக் கதவு அப்போதைக்கு மூடிவிடும். பிரான்ஸுக்கோ நெதர்லாந்துக்கோ கேட்கலாம். ஆனால் புது ஹோஸ்ட் (அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர்), புது ஊர்.

என் யோசனை இது: இந்தியாவில் இருக்கும்போதே, நல்ல ஹோஸ்ட் ஒருவரைப் பிடித்து ஹும்போல்ட், மேரி கியூரி இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். எழுதிய திட்டம் இரண்டுக்கும் பெரும்பகுதி உதவும். அது நடந்துகொண்டிருக்கும்போதே ப்ராஜெக்ட் வேலைகளுக்கும் போடுங்கள். வீட்டில் பணக்கஷ்டம் என்றால் முதலில் வரும் வேலையைத் தயங்காமல் எடுங்கள். அப்படி எடுக்கும்போது, வாரத்தில் ஒரு நாளாவது சொந்த யோசனைக்குக் கிடைக்குமா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஹோஸ்ட்டுக்கு எழுதும் மெயில் அரைப் பக்கம் போதும். அவருடைய சமீபத்திய பேப்பர் ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள் என்று இரண்டு வரி. "ரெஸ்பெக்ட்டட் சார்" என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

அப்புறம், வைவா, அதாவது பி.எச்டியின் வாய்மொழித் தேர்வு. நம் பல்கலைக்கழகங்களில் தேர்வாளர் அறிக்கை வரவே மாதக்கணக்கில் இழுக்கும். மேரி கியூரி வழக்கமாகச் செப்டம்பரில் மூடும். அதற்குள் வைவா முடிந்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்து, தீசிஸ் கொடுக்கும் மாதத்தைக் கைடுடன் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.