‘முழுசா ரெஸ்டோர் பண்ணியாச்சு’ என்று தந்த பழைய அவுட்போர்டு மோட்டாரின் லட்சணம்

படகின் பின்புறம் மாட்டும் மோட்டார் இது: 1950களின் ஜான்சன் 10 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக். “எல்லாத்தையும் பிரிச்சு மாட்டியாச்சு, தண்ணியில இறக்க வேண்டியதுதான்” என்று சொல்லி, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு கொடுத்தது ஒரு பட்டறை. பெயின்ட் வேலை அருமை, ஸ்டிக்கர்கூடப் புதுசு. ஓடவிட்ட பத்து நிமிடத்துக்குள் சிலிண்டர் ஹெட்டில் அந்தப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. கேட்டால், “பழைய மோட்டார் அப்படித்தான்” என்று கைவிரித்துவிட்டார்கள்.

பழசானதால் வந்த கோளாறு அல்ல இது. கியரும் வாட்டர் பம்பும் இருக்கும் கீழ் யூனிட்டைக் கழற்றினால், வாட்டர் பம்ப் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் ஒரே பக்கமாக வளைந்து கட்டையாக இறுகிக் கிடக்கின்றன. இப்படி இறுகிய இம்பெல்லர் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை மேலே ஏற்றாது. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது, அதாவது சீல்களையும் டிரெயின் ஸ்க்ரூ வாஷர்களையும் யாரும் மாற்றவில்லை. பிரித்ததாகச் சொன்ன யூனிட்டின் ஸ்க்ரூ காடியில் பெயின்ட் உடையாமல் நிரம்பியிருந்தது. மோட்டாரைக் கையில் வாங்கும்போதே இதைப் பாருங்கள்: ஸ்க்ரூ தலையைச் சுற்றிப் பெயின்ட் ஒரே படலமாக இருந்தால், பெயின்ட் அடித்த பிறகு அதைத் திறக்கவே இல்லை. பெயின்டுக்கு முன்னால் திறந்தோம் என்பார்கள். அப்படியானால் கழற்றிய பழைய சீலையும் இம்பெல்லரையும் காட்டச் சொல்லுங்கள்.

பிளைவீலுக்கு அடியில் இன்னும் மோசம். பிளக்குக்கு ஸ்பார்க் தரும் மேக்னட்டோ காயிலில் ஓடிய விரிசலை சிலிக்கான் பூசி மறைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் காயில்கள் வெடிப்பது வழக்கம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும், சூடேறியதும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும். இதற்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டின் (திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.020 அங்குலம், சுமார் 0.5 மி.மீ., இருக்க வேண்டும். இரண்டு பாயிண்டும் இரண்டு விதமாக இருந்தன. பிளைவீல் ஓரத்தில் சுத்தியல் தழும்பு வேறு. மூன்று போல்ட் புல்லர் போட்டு இழுக்க வேண்டியதை அடித்துக் கழற்றினால் கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் அடி வாங்கும்.

புரொப்பெல்லரின் ஷியர் பின் இருக்க வேண்டிய இடத்தில் எஃகு போல்ட் துண்டு. பாறையில் மோதினால் உடைய வேண்டியது பின். அது உடையாவிட்டால் கியர் பல் உடையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோலும் ஆயிலும் 50:1 கலவையாகப் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த மோட்டாருக்கு 24:1 தேவை. 10 லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 420 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். 50:1 என்றால் 200 மி.லி.தான் போகும், பேரிங் காய்ந்துபோகும்.

பட்டறையில் விடுவதற்கு முன்பே இரண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுவதும் திறந்து, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) எடுத்து எழுதி வையுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெயின்ட் பேச்சே எடுக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் உங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.