சுரண்டலா, ஊசியா? அனூரிஸ்மல் போன் சிஸ்ட்டுக்கு எது, எப்போது?

ஒரே எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒரு மருத்துவர் “திறந்து சுரண்டிவிட்டு எலும்பு வைத்து நிரப்பலாம்” என்பார். இன்னொருவர் “ஊசியிலேயே காயவைக்கலாம்” என்பார். எலும்புக்குள் ரத்தம் தேங்கிய அறைகளாக ஊதும் அனூரிஸ்மல் போன் சிஸ்ட் என்ற கட்டிக்கு இரண்டுமே ஏற்கப்பட்ட வழிகள்தான். இந்தக் கட்டி பெரும்பாலும் 20 வயதுக்குள் வருகிறது. தொடையெலும்பு, டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு), மேல்கை எலும்பு ஆகியவற்றின் முனையை ஒட்டியும், முதுகெலும்பின் பின்பகுதியிலும், இடுப்பெலும்பிலும் அதிகம். புற்று இல்லை, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும், எடுத்த பிறகும் திரும்ப வரலாம். மறுபடி வரும் சதவீதத்தை மட்டும் வைத்து வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டி எந்த எலும்பில் இருக்கிறது, நோயறிதல் எவ்வளவு உறுதி என்பவைதான் முடிவு செய்கின்றன.

எக்ஸ்ரேயில் எலும்பின் ஒரு பக்கம் ஊதி, முட்டை ஓடு மாதிரி மெல்லிய விளிம்போடு தெரியும். சாதாரண எலும்புச் சிஸ்ட் நடுவாக்கில் இருக்கும், இவ்வளவு ஊதாது. எம்.ஆர்.ஐ.யில் அறை அறையாகத் தேங்கிய ரத்தம் அடுக்குப் பிரிந்து திரவ மட்டக் கோடுகளாகத் தெரியும்; சிறிது நேரம் அசையாமல் படுத்திருந்தால்தான் அந்த அடுக்கு பிரியும். இந்தக் கோடுகளைப் பார்த்ததும் பெயர் வைத்துவிடுவதுதான் ஆபத்து. டெலாஞ்சியெக்டாடிக் ஆஸ்டியோசர்கோமா என்ற புற்றிலும் இதே கோடுகள் வரும். ஜெயன்ட் செல் கட்டி, காண்ட்ரோபிளாஸ்டோமா, ஆஸ்டியோபிளாஸ்டோமா ஆகிய வேறு எலும்புக் கட்டிகளுக்குள்ளும் இரண்டாம் நிலையாக இந்தச் சிஸ்ட் உருவாகும். தடுப்புச் சுவர்கள் தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தாலோ, எலும்பைத் தாண்டித் திசுக்கட்டி வெளியே வந்திருந்தாலோ புற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே பயாப்ஸியைத் தவிர்க்க வழியில்லை. ஊசி பயாப்ஸியில் அடிக்கடி வெறும் ரத்தம்தான் வரும். எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து, திடமாக உள்ள சுவர்ப்பகுதியைக் குறிவைத்துப் பல துண்டுகள் எடுக்க வேண்டும். போதாவிட்டால் திறந்த பயாப்ஸி. முதன்மைச் சிஸ்ட்டுகளில் சுமார் 70 சதவீதத்தில் யூ.எஸ்.பி.6 மரபணு இடம் மாறியிருக்கும். திசுவில் மரபணு மாற்றத்தைப் பார்க்கும் ஃபிஷ் சோதனையில் அது தெரிந்தால் நோயறிதல் உறுதிப்படும். தெரியாததால் மட்டும் சிஸ்ட் இல்லை என்று ஆகிவிடாது. பேத்தாலஜி லேபில் எலும்பைக் கரைக்கக் கடும் அமிலம் பயன்படுத்தினால் டி.என்.ஏ. சிதைந்து இந்தச் சோதனையே வீணாகும். மாதிரியை அனுப்பும்போதே டி.என்.ஏ.வைக் கெடுக்காத ஈ.டி.டி.ஏ. கரைசலில் கரைக்கும்படி சொல்லிவிடுவது நல்லது.

இனி சிகிச்சை. சுரண்டல் என்றால் சிறு துளை வழியாக வழித்தெடுப்பது இல்லை. எலும்பில் பெரிய ஜன்னல் வெட்டி, ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்துச் சுரண்டி, பிறகு அதிவேகமாகச் சுழலும் பர் என்ற கருவியால் சுவரைத் தேய்த்து, எலும்பு ஒட்டோ சிமென்ட்டோ வைத்து நிரப்புவார்கள். மூலை முடுக்கில் விட்டுப்போன சவ்வுதான் மீண்டும் வளர்கிறது. கை கால்களில் டூர்னிகே என்ற இறுக்குப் பட்டை கட்டி ரத்தப்போக்கை அடக்கலாம். இடுப்பிலும் முதுகெலும்பிலும் அது முடியாது. அங்கே அறுவைக்கு முந்தைய ஓரிரு நாட்களுக்குள் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் செய்துகொள்வார்கள். குழந்தையின் வளர்தட்டு (எலும்பு நீண்டு வளரும் இடம்) பக்கத்தில் இருந்தால் பர்ரும், மிச்சத் திசுவை அழிக்கத் தடவும் ஃபீனாலும் அதைப் பாதிக்கலாம். கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரலாம்.

ஊசி வழியில் 3 சதவீத பாலிடோகனால் என்ற மருந்தை சிஸ்ட்டுக்குள் செலுத்தி, உள்சவ்வைச் சுருங்கவைக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில் ஊசியில் 93.3 சதவீதமும், அறுவையில் 84.8 சதவீதமும் குணமானது. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி பெரிதில்லை. ஆனால் சிக்கல்கள் அறுவைப் பக்கமே அதிகம். நம் ஊர்களில் இந்த வழி இன்னும் பரவ வேண்டும் என்பதே என் கருத்து. ஒரே ஊசியில் முடியாது, சில வார இடைவெளியில் பல முறை தேவைப்படலாம். அளவு முக்கியம்: 3 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 30 மி.கி.; மருந்தின் வழக்கமான உச்சவரம்பு ஒரு நாளுக்கு எடையில் கிலோவுக்கு 2 மி.கி. அதாவது 30 கிலோ குழந்தைக்கு 2 மில்லிதான். பெரிய சிஸ்ட்டை ஒரே நாளில் நிரப்ப நினைத்தால் நாடித்துடிப்பு இறங்கலாம். எனவே மானிட்டர் இணைத்து, முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் திரவத்தைச் செலுத்தி, அது சிரை ரத்தக்குழாய்க்குள் வேகமாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே மருந்து போட வேண்டும். தோலுக்குக் கசிந்தால் நிறம் மங்கும், புண்ணாகும். முன்பு போட்ட எத்திப்லாக் என்ற ஊசி மருந்தின் கசிவால் நாள்பட்ட புண்கள் வந்தன. அதை இப்போது பெரும்பாலும் எடுப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் நல்ல மாற்று, ஆனால் கடுமையாக வலிக்கும், மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டும்.

ஊசி தோற்கும் இடம் தொடையெலும்பின் கழுத்து. மருந்து வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும். அதுவரை எடை தாங்கும் எலும்பு பலவீனமாகவே இருந்து முறியலாம். அங்கே சுரண்டி, ஒட்டு வைத்து, பிளேட்டோ ராடோ போட்டு நிறுத்துவதே சரி. முதுகெலும்பில் தண்டுவடம் அழுந்திக் கால் பலவீனம் தொடங்கிவிட்டாலும் ஊசிக்குக் காத்திருக்க நேரமில்லை. ஃபிபுலாவின் (டிபியாவை ஒட்டிய மெல்லிய எலும்பு) மேற்பகுதி, விலா எலும்பு என அது இல்லாமலேயே சமாளிக்கக்கூடிய எலும்பில் முழுத்துண்டாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது.

அறுவைக்கு எட்டாத இடுப்பு, முதுகெலும்புக் கட்டிகளில் எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும் டெனோசுமாப் மருந்தை 120 மி.கி. மாதாமாதம் தோலுக்கடியில் போடுகிறார்கள். கட்டி கெட்டிப்படும், வலி அடங்கும். நிறுத்திய சில மாதங்களில் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் திடீரென ஏறலாம். வாந்தி, மலச்சிக்கல், சோர்வு வந்தால் உடனே கால்சியம் பார்க்க வேண்டும். கதிர்வீச்சு கட்டியை அடக்கும்தான். ஆனால் பின்னாளில் சர்கோமா என்ற புற்று வரும் அபாயம் உள்ளதால் வேறு வழியே இல்லாதபோதுதான்.

மீண்டும் வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தெரியும்; அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே போதும். ஊசிக்குப் பின் குழி முழுக்க நிரம்பத் தேவையில்லை: வலி போய், விளிம்பு தடித்து, அளவு நின்றிருந்தால் குணம்தான். ஒட்டு வைத்த இடத்தின் ஓரத்தில் புதிதாகக் கறுப்புப் பகுதி தோன்றி, அடுத்த படத்தில் அது பெரிதானால் எம்.ஆர்.ஐ. எடுத்து, பழைய பயாப்ஸி ஸ்லைடுகளையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.