சிலிண்டரா, இண்டக்ஷனா? 500 யூனிட்தான் கணக்கு

2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறி, சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்த மாதமே இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன். வீட்டில் மூன்று பேர். பால், காபி, குக்கர் எல்லாம் இப்போது அதில்தான். முன்பு 50 நாள் வந்த சிலிண்டர் இப்போது 100 நாள் வருகிறது.

வேகம், துடைக்கிற சுலபம் எல்லாம் தெரிந்த கதை. அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் சூடாகாது என்பதும் தெரிந்ததுதான். ஈயச்சொம்பு ரசமும் மண்சட்டி மீன்குழம்பும் கேஸிலேயே இருக்கட்டும். கரண்ட் போனாலும் கேஸ்தான்.

நான் மாட்டிக்கொண்டது கரண்ட் பில்லில். 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற வேலைக்கு இண்டக்ஷனில் ஏறக்குறைய 130 யூனிட் ஆகும். பாதிச் சமையலை மாற்றினால் இரண்டு மாத ரீடிங்கில் 75 யூனிட் கூடும். சாதாரண நாட்களில் எங்கள் ரீடிங் 340; அது 415 ஆகிறது. 2024 ஜூலை கட்டணப்படி கூடுதல் செலவு 380 ரூபாய்க்குள். மிச்சமான கேஸ், அந்த 868 ரூபாய் விலையில், 520 ரூபாய். ஆக, 140 ரூபாய் லாபம். பெரிய தொகை இல்லை, சரி, ஆனால் லாபம்தான்.

ஏசி ஓடும் மே மாதத்தில் கதை வேறு. அதே கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் 600 வரை கூடுகிற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய் 55 காசு. அதே 75 யூனிட்டுக்கு 640 ரூபாய் ஆகிவிடும். அதைவிட மோசம் அந்த எல்லையிலேயே நிற்பது. 500 வரை 1,805 ரூபாய் வருகிற பில், 501 ஆனதும் 2,090ஐத் தாண்டிவிடும். கீழ்ப்படிகளில் கிடைக்கிற மானியக் கட்டணமும் போய்விடுவதுதான் காரணம். ஒரு குக்கர் சாதத்துக்கு 290 ரூபாய்! முதல் கோடையில் எனக்கு நடந்தது இதுதான். அப்புறம்தான் ரீடிங் எடுத்து 40 நாள் ஆனதும் மீட்டரைப் பார்க்கும் பழக்கம் வந்தது. அதற்குள் 380 யூனிட்டைத் தொட்டிருந்தால், அடுத்த ரீடிங் வரை இண்டக்ஷனைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுவேன்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்றால், அடுக்களைக்கு நிச்சயம் இண்டக்ஷன்தான், வெக்கை குறைவு. ஆனால் நம் கரண்டில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும்போது மனசு கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது, அவ்வளவுதான். சொந்த மாடி இருப்பவர்கள் மத்திய அரசு மானியத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், சோலார் போட்டால் இந்தக் கணக்கே மாறும். நான் வாடகை வீட்டுக்காரன், அதை அனுபவத்தில் சொல்ல முடியாது.

இண்டக்ஷன் அடுப்பு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதும் எனக்கு இன்னும் தெரியவில்லை. கேஸ் அடுப்பு அம்மா கொடுத்தது, இருபது வருஷம் ஆகிறது. பர்னர் மட்டும் ஒரு முறை மாற்றியிருக்கிறேன்.