இரண்டு மாரி பிஸ்கட்

காலை 6 மணி: சர்க்கரை போடாத காபி அல்லது டீ, 2 மாரி பிஸ்கட்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் வாங்கி, இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, 400 ரூபாய் கட்டி, டயட்டீஷியன் அறைக்குள் போன எனக்குக் கையில் கொடுக்கப்பட்ட தாளின் முதல் வரி இது. லண்டனில் குடியிருக்கும் எனக்குச் சர்க்கரை நோய்; நான் போனதே மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது எப்படி என்று கேட்க. தாளோ ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது. எந்தக் காலத்திலோ யாரோ அழுத்திப் பிடித்த கட்டைவிரலின் நிழல் ஓரத்தில் கறுப்பாக விழுந்திருந்தது. எனக்கு முன்னால் வெளியே வந்த பெரியவர் கையிலும் அதே கட்டைவிரல்.

அதற்கு முன்பே ஒரு கூத்து நடந்துவிட்டது. எடை, பி.பி. பார்க்கும் இடத்தில் லண்டன் ரிப்போர்ட்டை நீட்டினேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 62 என்று அதில் இருந்தது. நர்ஸ் பெண் 62-ஐப் பார்த்ததும் முகம் மாறி, "சார், முதல்ல உட்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். இங்கே ரத்தச் சர்க்கரை 62 என்றால் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். லண்டனில் மூன்று மாதச் சராசரியை வேறு அளவில் சொல்வார்கள். அந்த 62 நம் ஊர்க் கணக்கில் 7.8 சதவீதம். இதை நான் விளக்கி முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்த என் அம்மா டம்ளரை வாங்கி என் வாயருகே கொண்டுவந்துவிட்டாள். சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் குளுக்கோஸைக் குடிக்காமல் தப்பிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன்.

"மேடம், இது மைதாவும் சர்க்கரையும்தானே?" என்று டயட்டீஷியனிடம் கேட்டேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அவர்களே அச்சடித்திருப்பார்கள். நூறு கிராமில் எழுபதுக்கு மேல் மாவுச்சத்து. இனிப்புக் குறைவாக இருப்பதால் இது ஏதோ பத்திய உணவு என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் எப்படியோ வேர் விட்டுவிட்டது. என் சின்ன வயதில் ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் மாரி பிஸ்கட்டும் இல்லாமல் போகமாட்டார்கள். தாத்தா படுத்திருந்தபோது கட்டிலுக்கு அடியில் பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கும், தின்று தீர்த்தது நாங்கள்தான். காபியில் தோய்த்து ஒரு நொடி அசந்தால் அறுந்து விழுந்துவிடும்; அடியில் கரைந்து கிடப்பதை விரலால் வழித்துத் தின்பதற்கென்றே சில சமயம் வேண்டுமென்றே விழவிடுவோம்.

இன்னொரு வேடிக்கை. மாரி பிஸ்கட்டே லண்டன்காரர். 1874-ல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் விக்டோரியா ராணியின் மகனுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டி, பெர்மாண்ட்சியில் இருந்த பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி செய்த பிஸ்கட் அது. அந்தப் பெர்மாண்ட்சி ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயிலில் எட்டிவிடும் தூரம். பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து, திருச்சியில் இறங்கி, கார் பிடித்துத் தஞ்சாவூர் வந்து எழுதி வாங்கியது எங்கள் பேட்டை பிஸ்கட்டை!

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார். "எடுத்துட்டேன் சார். காபி மட்டும் குடிங்க. பசிச்சா நாலு பாதாம்." அவ்வளவு சுலபமாக அடித்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நான் இன்னும் பேசுவதற்கு நிறைய வைத்திருந்தேன்.

"அடிக்கிற அளவுக்குத்தான் இருக்குன்னா, எதுக்கு அச்சடிச்சு வச்சிருக்கீங்க?"

அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே வருகிறவர்களில் பலர் இன்சுலின் போடுகிறவர்கள், இல்லையென்றால் சர்க்கரையை இழுத்து இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். விடிகாலை நாலரைக்கு எழுந்து வயலுக்கோ மார்க்கெட்டுக்கோ போய்விட்டு, ஒன்பதரைக்குத்தான் பலகாரம் சாப்பிடுவார்கள். நடுவில் சர்க்கரை இறங்கி விழுந்தால் தூக்க ஆள் இருக்காது. டீக்கடையில் எங்கேயும் கிடைக்கிற பொருளாக ஏதாவது எழுதியாக வேண்டும். "அவங்ககிட்ட பாதாம் எழுதிக் கொடுத்தா சிரிப்பாங்க சார்." அப்புறம் கையை நீட்டினார். "நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அட்டையைக் காட்டுங்க."

மெட்ஃபார்மின், க்ளிக்ளசைட், டாபாகிளிஃப்ளோசின். மூன்று அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்து, கடைசி அட்டையில் விரல் வைத்தார்.

"சோற்றை அடியோட நிறுத்திட்டீங்களா?"

பெருமையாக, "ஒன்பது நாளாச்சு" என்றேன்.

அதன்பிறகு வாங்கியது திட்டு. அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. அதோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். மோசம் என்னவென்றால், மெஷினில் பார்த்தால் சர்க்கரை சாதாரணமாகவே காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவதை வைத்துத்தான் சந்தேகப்பட வேண்டும். க்ளிக்ளசைட் கதை வேறு: சாப்பாட்டில் மாவு குறைந்தாலும் மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், சர்க்கரை தாழ்ந்துவிடும். ஆக, முதலில் டாக்டர் மாத்திரையை மாற்றித் தர வேண்டும், பிறகுதான் தட்டில் கை வைக்க வேண்டும். அங்கேயே போனை எடுத்து டாக்டரிடம் பேசி, அன்றைக்கே இன்னொரு டோக்கனும் வாங்கிக் கொடுத்தார். இதெல்லாம் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் இருக்கிறதாம். இரண்டு வருஷமாக அந்தக் காகிதத்தை நான் பிரித்ததே இல்லை.

லண்டனில் இதே ஆலோசனைக்கு எனக்கு நான்கு மாதம் ஆனது. கடிதம் வந்தது, பிறகு அந்தத் தேதியைத் தள்ளிவைத்து இன்னொரு கடிதம் வந்தது. கடைசியில் பத்துப் பேரோடு உட்காரவைத்து ஒரு வகுப்பு. பாஸ்தா, வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி. இட்லி என்ற சொல்லை அங்கே முதலில் உச்சரித்தவன் நான்தான்; அரிசிக் கேக் என்று குறித்துக்கொண்டார்கள். குறை சொல்லக் கூடாது, காசு வாங்கவில்லை, மரியாதைக்கும் பஞ்சமில்லை. ஆனால் வீட்டில் யார் பரிமாறுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே அதைத்தான் முதலில் கேட்டார், அதுவும் அம்மாவிடம். ராத்திரி நாலு இட்லி என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், "ஆறும்மா, ஊருக்கு வந்தா ஏழு" என்றாள் அம்மா. சோற்றை எந்தக் கரண்டியில் போடுவீர்கள், தட்டா இலையா, குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரமா என்று விசாரணை போனது. "அதுக்குத்தான்மா ராத்திரிக்கு இவனுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சலாம்னு இருக்கேன்" என்று அம்மா தன் துருப்புச் சீட்டை இறக்கினாள். கேழ்வரகிலும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய எழுபது கிராம் மாவுச்சத்து, அரிசியை விட ரொம்பக் குறைச்சல் ஒன்றும் இல்லை, அதிலும் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரமே ரத்தத்தில் ஏறும் என்றார் அந்தப் பெண். அம்மா அவரைப் பார்த்த பார்வை, காவிரியில் தண்ணீரே வராது என்று யாரோ சொல்லக் கேட்டது போல இருந்தது.

"தஞ்சாவூர்க்காரன் சோறு தின்னாம எங்கேம்மா போவான்?"

"சோறு வேண்டாம்னு சொல்லலம்மா. இதுவரைக்கும் சோத்தைப் பிசைஞ்சு பொரியலைத் தொட்டுக்கிட்டாரு இல்ல? இனிமே பொரியலைப் பிசைஞ்சு சாப்பிட்டு, சோத்தைத் தொட்டுக்கச் சொல்லுங்க."

ஒரு நாளைக்கு 130 கிராம் மாவுச்சத்துக்குள் என்று லண்டன் வகுப்பில் அட்டவணை போட்டுக் காட்டியதை நான் மறந்தே போனேன். இது மட்டும் மண்டையில் ஏறிவிட்டது. ஒரு சின்னக் கரண்டி சோறு, அதைப் போல இரண்டு மடங்கு வாழைத்தண்டோ கீரையோ அவரைக்காயோ, கூடவே முட்டை அல்லது மீன், கடைசியில் மோர். ராத்திரிக்கு இரண்டு இட்லி, சாம்பார் கிண்ணம் நிறைய.

இவ்வளவு விவரமாகப் பேசத் தெரிந்தவர் கையில் எதற்கு அந்தக் கட்டைவிரல் தாளைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் சண்டை போட்டதால்தான் பேனா எழுந்தது. எனக்கு முன்னால் போன பெரியவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் கிளம்பிவிட்டார்.

பில் கவுன்டரில் ஃபைல் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், அடித்துத் திருத்திய தாளோடு புதிதாக ஒரு பிரதியும் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் காலை 6 மணிக்கு மாரி பிஸ்கட் பத்திரமாக இருந்தது. அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பது அதைத்தான்.