பித்தப்பை அழற்சி: உடனே எடுப்பதா, ஆற விட்டு எடுப்பதா?

பித்தப்பைக் கல்லால் அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு, ஆன்டிபயாடிக் ஏறி வலி கொஞ்சம் அடங்கியதும் இந்தக் கேள்வி வரும். இதே அட்மிஷனில் பித்தப்பையை எடுத்துவிடுவதா, இல்லை வீட்டுக்குப் போய்விட்டு ஆறு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்வதா? எனக்கும் இரண்டையும் சொன்னார்கள். நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். மயக்க மருந்தை உடம்பு தாங்கும் என்றால், இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இந்தக் கேள்வி எல்லோருக்குமானது இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்தது, ஒரு நாளும் வலித்ததில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையில்லை. கல்லைக் கரைக்கும் உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டுமே ஓரளவு கேட்கும். அதையும் மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடம் வரை சாப்பிட வேண்டும். கரைந்தாலும் ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. பையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுக்கலாமே என்று கேட்பார்கள். கல்லை உண்டாக்கிய பை உள்ளேயே இருந்தால் மறுபடியும் கல் சேரும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டும்தான். எடுத்துவிட்டால் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும்.

காத்திருக்கச் சொல்வதிலும் நியாயம் உண்டு. அழற்சியான திசு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் கசியும். பித்தப்பையின் குழாய்க்குப் பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து வரும் பொதுப் பித்தக்குழாய் ஓடுகிறது. அதைத் தவறுதலாக வெட்டிவிட்டால் பெரிய சிக்கல். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கருவிகளை விட்டு, பித்தப்பையை எடுத்தார். அந்த முறை பரவத் தொடங்கிய காலத்தில், கடும் அழற்சி இருந்தால் துளை வழியே தொடக்கூடாது என்றே பல சர்ஜன்கள் நினைத்தார்கள். ‘ஆற விட்டுப் பார்ப்போம்’ என்ற பழக்கம் அப்போது இன்னும் வலுப்பட்டது.

நான் விசாரித்தபோது என்னை யோசிக்க வைத்தது இந்த ‘ஆறுதல்’ உள்ளே எப்படி நடக்கிறது என்பதுதான். முதல் சில நாட்களில் பையைச் சுற்றி இருப்பது நீர் கோத்த வீக்கம். அதில் திசுப் படலங்கள் ஓரளவு எளிதாகப் பிரியும். நாள் ஆக ஆக அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து, பை கல்லீரலோடும் பக்கத்துக் குடலோடும் ஒட்டிக்கொள்கிறது. ஆறு வாரத்தில் வலி போயிருக்கும். ஒட்டல் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் வலி தொடங்கிய முதல் வாரம், அதிகபட்சம் பத்து நாள், நல்ல அவகாசம் என்கிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் அறுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்குத்தான் சிக்கல்கள் வந்தன. ஆன்டிபயாடிக் கொடுத்துத் தள்ளிப்போட்டவர்களில் 34.4 சதவீதம் பேருக்கு வந்தன. உடனே செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களும் குறைவு.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது அறுவை எளிதா கடினமா என்பது அல்ல. இடைப்பட்ட அந்த ஆறு வாரம்தான். ஸ்கேன் எடுத்தவர் வலது விலாவுக்குக் கீழே கருவியை வைத்து அழுத்தி, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். பாதியிலேயே வலியில் மூச்சு நின்றுவிட்டது. ரிப்போர்ட்டில் ‘பல சிறு கற்கள்’ என்று இருந்தது. சிறியதுதானே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. சர்ஜன்தான் விளக்கினார்: பெரிய கல் பையின் வாயில் அடைத்து வலி கொடுக்கும், சிறிய கல்லோ நழுவி வெளியே போய்விடும். பொதுப் பித்தக்குழாயில் சிக்கினால் மஞ்சள் காமாலை, அங்கே கிருமி சேர்ந்தால் குளிர்க்காய்ச்சல். கணையக்குழாய் சேரும் முனையில் அடைத்தால் கணைய அழற்சி. இது தீவிரமானால் உயிருக்கே ஆபத்து. ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் அடக்கும், கல்லை அசையாமல் பிடித்து வைக்காது. தள்ளிப்போட்டவர்களில் கிட்டத்தட்ட ஆறில் ஒருவருக்கு, குறித்த தேதி வரும் முன்பே அவசரமாக அறுவை செய்ய வேண்டி வந்ததாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று சொல்கிறது. ஆற விட்டு நிதானமாகச் செய்யலாம் என்று கிளம்பியவருக்கு, கடைசியில் நிதானமும் கிடைப்பதில்லை, முதல் வாரத்தின் அவகாசமும் கிடைப்பதில்லை.

என் அறுவை நான்கு சிறு துளைகளோடு முடிந்தது. எடுத்த கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். கரும்பழுப்பு நிறத்தில், ஒன்றோடொன்று உரசிப் பட்டை தீட்டிய மணிகள் மாதிரி இருந்தன. பிறகு வயிற்றுக் காயத்தைவிட வலது தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, தானாகப் போய்விட்டது. சிலருக்குக் கொஞ்ச காலம் வயிறு இளகிப் போகும். எனக்கு அது இல்லை. காத்திருந்து பிறகு எடுத்துக்கொண்டு நலமாக இருப்பவர்களும் நிறைய உண்டு. அந்த வழியை நான் உடம்பால் அனுபவித்ததில்லை, ஆய்வுகளை வைத்தே பேசுகிறேன்.

உடனே செய்யக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். இதயமோ நுரையீரலோ மோசமாக இருப்பவர்களுக்கு, தோல் வழியாகப் பையில் குழாய் விட்டுச் சீழை வடித்துவிட்டு, உடம்பு தேறிய பின் யோசிப்பதுதான் முறை. வலி தொடங்கி இரண்டு மூன்று வாரம் கடந்து வந்தவருக்கு அது அறுவைக்கு மிகச் சிரமமான கட்டம்; அங்கே சர்ஜன் காத்திருக்கச் சொன்னால் நானும் காத்திருப்பேன். உடனே செய்தாலும் சரி, தள்ளிச் செய்தாலும் சரி, உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம். பொதுப் பித்தக்குழாயைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு அது. முன்கூட்டியே அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

காத்திருப்பதென்றே முடிவானால், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அறுவைத் தேதியை வாங்கிவிடுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து குறையாமல் நின்றாலோ அந்தத் தேதி வரை பொறுக்காதீர்கள். நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.